நான்கு போல்ட்டில் நிற்கும் இன்ஜின்

ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ. நாம் எல்லோரும் பார்த்த மூட்டைதான். ஒரே ஆள் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி ஏறுவார். நான்கு மூட்டைகளை ஒன்றாகக் கட்டினால் 200 கிலோ. ஒரு டீசல் ஜீப்பின் இன்ஜின் ஏறக்குறைய அந்த எடை இருக்கும். சின்னக் காரின் பெட்ரோல் இன்ஜின் இரண்டு மூட்டை எடை. லாரி இன்ஜின் எட்டு மூட்டைக்குக் குறையாது.

இந்த எடையை வண்டியிலிருந்து இறக்கி வைத்தால்தான் இன்ஜினைப் பிரிக்க முடியும். எங்கே வைப்பது? சிறிய பட்டறைகளில் பழைய டயர் ஒன்றைத் தரையில் போட்டு அதன் மேல் வைப்பார்கள். சிலர் மரக்கட்டைகளை அடுக்கி வைப்பார்கள். பழைய டயரைக் கேலி செய்ய வேண்டாம். டயர் மேல் வைத்த இன்ஜின் எங்கும் விழாது. ஆனால் வேலை செய்பவர் நாள் முழுதும் குனிந்தே இருக்க வேண்டும். அடிப்பக்கம் பார்க்க வேண்டுமானால் இரண்டு பேர் சேர்ந்து இன்ஜினைப் புரட்ட வேண்டும். இடுப்பு போய்விடும். மண்ணும் தூசியும் உள்ளே போகும்.

அதனால்தான் இன்ஜின் ஸ்டாண்ட் வந்தது. இன்ஜின் இடுப்பு உயரத்தில் நிற்கும். கைப்பிடியைச் சுற்றினால் மேல்பக்கம் கீழே போகும், அடிப்பக்கம் மேலே வரும். வேலை பாதியாகக் குறையும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. டயர் மேல் இருக்கும்போது இன்ஜினைத் தாங்குவது தரை. ஸ்டாண்டில் இருக்கும்போது தாங்குவது நான்கு போல்ட்டுகள். அதுவும் ஒரே பக்கத்தில். சுவரில் அடித்த ஆணியில் குடத்தை மாட்டுவது போல.

எங்கள் பட்டறையில் நடந்தது

நான் ஒரு பட்டறையில் ஹெல்பராக இருந்தேன். எனக்கு அப்போது 19 வயது. என்னோடு வேலை பார்த்தவர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

ஒரு நாள் ஒரு வேனின் இன்ஜினை ஸ்டாண்டில் மாட்டினோம். பட்டறையில் ஒரு பழைய எண்ணெய் டப்பா இருந்தது. கழற்றிய போல்ட்டெல்லாம் அதில்தான் கிடக்கும். அதிலிருந்து நான்கு போல்ட்டுகளை எடுத்தோம். மூன்று ஒரே நீளம். நான்காவது குட்டை.

"இது பத்துமா அண்ணே?" என்று கேட்டேன்.

"இறங்குதுல்ல? முறுக்கு, போதும்" என்றார்.

முறுக்கினேன். இறுகியது. செயின் பிளாக்கின் சங்கிலியைத் தளர்த்தினோம். எடை ஸ்டாண்டுக்கு வந்தது. கொக்கியைக் கழற்றினோம். அண்ணன் ஸ்டாண்டின் பின்னை உருவி இன்ஜினைத் திருப்பினார். பாதி திரும்பியதும் டப் என்று ஒரு சத்தம். குட்டை போல்ட் பிடுங்கிக்கொண்டு வந்தது. இன்ஜின் ஒரு பக்கம் சாய்ந்தது. அண்ணன் அதைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

கை ஏன் நீண்டது? தட்டு விழுந்தால் பிடிப்போம். குழந்தை தடுமாறினால் பிடிப்போம். அது நம் பழக்கம். யோசிப்பதற்கு முன்பே கை போய்விடும். இன்ஜினிடம் அந்தப் பழக்கம் ஆகாது. சாயும் இன்ஜினை எந்தக் கையும் நிறுத்தாது. சாய்ந்தால் பின்னால் போங்கள். விழட்டும். உடைந்த இன்ஜினுக்கு வேறு இன்ஜின் கிடைக்கும். தில்லி மாயாபுரியில் கிடைக்கும், மும்பை குர்லாவில் கிடைக்கும், கொல்கத்தா மல்லிக் பஜாரில் கிடைக்கும், சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும். விரல் எந்தச் சந்தையிலும் கிடைக்காது.

முதலில் எண்ணைப் படியுங்கள்

ஸ்டாண்டில் ஒரு தகடு அல்லது ஒட்டுத்தாள் இருக்கும். அதில் அது தாங்கும் எடை எழுதியிருக்கும். 350 கிலோ, 500 கிலோ என்று இருக்கும். செயின் பிளாக்கிலும் அப்படி எழுதியிருக்கும். 1 டன் என்றால் 1000 கிலோ. இன்ஜின் எடையைவிட இந்த எண் பெரியதாக இருக்க வேண்டும். சரிக்குச் சரி போதாது. 200 கிலோ இன்ஜினுக்கு 350 கிலோ ஸ்டாண்டு போதும். லாரி இன்ஜினுக்கு இந்தச் சாதாரண ஸ்டாண்டு ஆகவே ஆகாது.

பல ஊர்களில் ஸ்டாண்டை உள்ளூர் வெல்டிங் கடையில் செய்து வாங்குகிறார்கள். அதில் எந்த எண்ணும் இருக்காது. குறை சொல்லவில்லை. நல்ல வெல்டர் செய்தது கடையில் வாங்கியதைவிட உறுதியாகவும் இருக்கும். ஆனால் பற்றவைத்த இடங்களைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். அதற்கு ஒரு பழைய வழி உண்டு. பற்றவைத்த இடத்தைத் துடைத்து மண்ணெண்ணெய் பூசுங்கள். சற்று நேரம் விடுங்கள். நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடியைத் தடவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் மெல்ல வெளியே கசியும். வெள்ளைப் பொடியில் மயிரிழை போல ஒரு ஈரக்கோடு தெரியும். கோடு தெரிந்தால் அந்த ஸ்டாண்டில் எதையும் மாட்டாதீர்கள்.

மூன்று சக்கர ஸ்டாண்டு சீக்கிரம் குடை சாயும். வாங்கும்போது நான்கு சக்கரம் உள்ளதைப் பாருங்கள்.

தூக்குவது

பேட்டரி வயரைக் கழற்றுவது, ஆயிலையும் தண்ணீரையும் வடிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. கிராங்க் புல்லியின் நடு போல்ட் போல இறுகிப்போன போல்ட்டுகளை இன்ஜின் வண்டியில் இருக்கும்போதே தளர்த்தி விடுங்கள். ஸ்டாண்டில் வைத்து நீளக் குழாய் போட்டு இழுத்தால் ஸ்டாண்டே புரண்டுவிடும்.

இன்ஜினில் தூக்குவதற்கென்றே கொக்கி மாட்டும் காதுகள் இருக்கும். அங்கேதான் சங்கிலி மாட்ட வேண்டும். நைலான் கயிறு வேண்டாம். சூட்டிலும் கூரான விளிம்பிலும் அது அறுந்துவிடும். வேப்ப மரக் கிளையில் செயின் பிளாக்கைக் கட்டித் தூக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். கிளைக்குள் பொந்து இருப்பது வெளியே தெரியாது. அந்த வேலை வேண்டாம்.

இரண்டு காதுகளில் இரண்டு சங்கிலிகளை மாட்டி மேலே ஒரே கொக்கியில் சேர்க்கிறோம். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு தண்ணீர் வாளியின் கைப்பிடியில் இரண்டு கயிறு கட்டி இரண்டு பேர் தூக்கிப் பாருங்கள். ஒட்டி நடந்தால் சுமை பாதிப் பாதி. விலகி நடந்தால் கை அதிகமாக இழுக்கும். வாளியின் எடை கூடவில்லை. கயிறு விரிந்ததால் இழுப்பு கூடியது. சங்கிலியும் அப்படித்தான். இரண்டு சங்கிலிகளும் நேராக நின்றால் 200 கிலோ இன்ஜினுக்கு ஒவ்வொன்றும் 100 கிலோ தாங்கும். கூரை போலத் தட்டையாக, 120 டிகிரி விரிந்துவிட்டால் ஒவ்வொன்றும் 200 கிலோ தாங்க வேண்டிவரும்.

டிகிரி அளக்க வேண்டாம். இரண்டு காதுகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு சங்கிலியும் அந்தத் தூரத்தைவிடக் குட்டையாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

தூக்கிய இன்ஜினுக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது. ஒரு நிமிடத்துக்குக் கூடக் கூடாது.

பிளைவீலைக் கழற்றுவது

ஸ்டாண்டின் கைகள் இன்ஜினின் பின்பக்கத்தில், கியர் பாக்ஸ் இருந்த இடத்தில் மாட்டும். அங்கே கிளட்ச்சும் பிளைவீலும் மறைத்துக்கொண்டிருக்கும். கியர் பாக்ஸைப் பிரித்த பிறகு அவற்றைக் கழற்ற வேண்டும். தொங்கும் இன்ஜினில் அந்த வேலையைச் செய்யாதீர்கள். ஸ்பானரை இழுக்க இழுக்க இன்ஜின் ஊஞ்சலாடும். பழைய டயர் மேலோ கட்டை மேலோ இறக்கி உட்கார வையுங்கள். சங்கிலி மாட்டியபடியே, விறைப்பாகவே இருக்கட்டும்.

பிளைவீல் தட்டையாக இருப்பதால் கனம் தெரியாது. கையில் விழுந்தால் தெரியும். எல்லாப் போல்ட்டையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். மேலே உள்ள ஒரு போல்ட்டைக் கடைசிவரை விட்டுவைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை அதைக் கழற்றச் சொல்லுங்கள்.

நான்கு போல்ட்டுகள்

இப்போது எங்கள் பட்டறையில் தவறு நடந்த இடத்துக்கு வந்துவிட்டோம். இங்கே அவசரப்படாதீர்கள்.

போல்ட்டின் தலையைத் துடைத்துப் பாருங்கள். 8.8 அல்லது 10.9 என்று சின்னதாக எழுதியிருக்கும். எண் பெரிதாக இருந்தால் இரும்பு உறுதியானது. 8.8க்குக் குறைந்த போல்ட் வேண்டாம். தலையில் ஒன்றுமே எழுதாத போல்ட் கட்டிலுக்கும் கதவுக்கும் சரி. இன்ஜினுக்கு ஆகாது. எங்கள் எண்ணெய் டப்பாவில் இரண்டு வகையும் கலந்து கிடந்தன. நாங்கள் ஒரு நாளும் தலையைத் துடைத்துப் பார்த்ததில்லை.

அடுத்தது நீளம். இன்ஜினில் போல்ட் இறங்கும் துளைக்குள் மரை வெட்டியிருக்கும். போல்ட்டின் மரை இந்த மரையைப் பிடித்துக்கொள்கிறது. பிடி எவ்வளவு ஆழமோ அவ்வளவு உறுதி. வார்ப்பிரும்பு இன்ஜினில் போல்ட் எவ்வளவு தடிமனோ அதுபோல் ஒன்றரை மடங்காவது உள்ளே போக வேண்டும். 10 மில்லிமீட்டர் போல்ட் என்றால் 15 மில்லிமீட்டர். இதை அளக்க முடியாவிட்டால் எண்ணுங்கள். ஸ்பானர் வேண்டாம், விரலாலேயே திருகுங்கள். பிடிக்கத் தொடங்கியது முதல் 10 சுற்றாவது போக வேண்டும். இரண்டு மூன்று சுற்றிலேயே தலை முட்டினால் அந்தப் போல்ட் குட்டை. அலுமினிய இன்ஜினில் மரை மென்மையானது. அதற்கு இன்னும் ஆழம் வேண்டும், இரண்டு மடங்கு.

குட்டை போல்ட் எப்படி இறுகியது என்று நான் பல நாள் யோசித்தேன். இறுகத்தான் செய்யும். இரண்டு மரை பிடித்தாலும் ஸ்பானருக்கு இறுகியது போலத்தான் தெரியும். எடை வரும்போதுதான் அந்த இரண்டு மரையும் பிய்த்துக்கொள்ளும்.

நீளம் அதிகமாக இருந்தாலும் ஆபத்துதான். சில துளைகள் மறுபக்கம் திறந்திருக்காது. நீளப் போல்ட் துளையின் அடியில் போய் முட்டி நின்றுவிடும். நீங்கள் இறுகிவிட்டது என்று நினைப்பீர்கள். ஆனால் போல்ட்டின் தலைக்கும் ஸ்டாண்டின் கைக்கும் நடுவே இடைவெளி இருக்கும். கை ஆடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு ஈர்க்குச்சி போதும். துளைக்குள் அடிவரை விட்டு, வெளியே நகத்தால் அடையாளம் வையுங்கள். அதுதான் துளையின் ஆழம். போல்ட்டை ஸ்டாண்டின் கைக்குள் நுழைத்து மறுபக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். அந்த நீளம் ஈர்க்குச்சியின் அடையாளத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். தலைக்கு அடியில் வாஷர் போட மறக்காதீர்கள்.

நான்கு போல்ட்டுகளும் ஒன்றுக்கொன்று நன்றாக விலகி, நான்கு மூலையில் இருக்கட்டும். இரண்டு மேலே, இரண்டு கீழே. இரண்டு போல்ட்டில் மாட்டிவிட்டு, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

எடையின் நடு எங்கே?

ஸ்டாண்டில் தகடு ஒன்று இருக்கும். நான்கு கைகளும் அந்தத் தகட்டில்தான் பொருந்தும். தகட்டின் பின்னால் ஒரு தடித்த குழாய் இருக்கும். அந்தக் குழாய் ஸ்டாண்டின் கழுத்துக்குள் நுழைந்து சுற்றும். பலரும் தகடு ஸ்டாண்டிலேயே இருக்க, இன்ஜினை ஆட்டி ஆட்டி அதனோடு பொருத்தப் பார்ப்பார்கள். விரல் நசுங்குவது அப்போதுதான். தகட்டை ஸ்டாண்டிலிருந்து உருவி எடுத்துவிடுங்கள். இன்ஜின் கட்டை மேல் இருக்கும்போதே அதைப் பின்பக்கம் மாட்டுங்கள். நான்கு கைகளையும் முதலில் தளர்வாகப் பொருத்துங்கள். தகடு சரியான இடத்துக்கு வந்த பிறகு எல்லாவற்றையும் இறுக்குங்கள்.

சரியான இடம் எது? ஒரு குச்சியை விரல் மேல் வைத்துச் சமமாக நிறுத்தியிருப்பீர்கள். குச்சியின் எடைக்கு ஒரு நடு உண்டு. அங்கே விரல் இருந்தால் குச்சி நிற்கும். இன்ஜினுக்கும் எடையின் நடு உண்டு. தகட்டின் குழாய் அதற்கு நேராக வர வேண்டும். பெரும்பாலான இன்ஜின்களில் அந்த இடம் கிராங்க்கின் நடுவுக்குச் சற்று மேலே இருக்கும். கிராங்க்கின் நடுவிலிருந்து இரண்டு அங்குலம் மேலே என்று தொடங்கிப் பாருங்கள். இன்ஜினுக்கு இன்ஜின் மாறும்.

குழாய் தாழ்வாக இருந்தால் கனம் எல்லாம் அதற்கு மேலே நிற்கும். நிறைகுடத்தைத் தலைகீழாக வைத்தது போல. பின்னை உருவியதும் இன்ஜின் படக்கென்று தானே சுழலும். கைப்பிடி உங்கள் தாடையில் அடிக்கும். குழாய் சற்று உயரமாக இருந்தால் பயமில்லை. திருப்பக் கொஞ்சம் பலம் வேண்டும், அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் உயரமாகவே வையுங்கள்.

எடையை மாற்றுவது

இன்ஜினைத் தூக்குங்கள். ஸ்டாண்டை இன்ஜினிடம் தள்ளிக்கொண்டு வாருங்கள். குழாய் கழுத்துக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். போகாவிட்டால் சுத்தியலால் அடிக்காதீர்கள். உயரம் சரியில்லை என்று பொருள். செயின் பிளாக்கை ஒரு சொட்டு ஏற்றி இறக்கிப் பாருங்கள். நுழைந்ததும் பின்னைப் போட்டுப் பூட்டுங்கள்.

இப்போது இன்ஜினின் நடுப்பகுதி ஸ்டாண்டின் முன்சக்கரங்களுக்கு உள்ளே இருக்கிறதா பாருங்கள். நீளமான இன்ஜின் என்றால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்படி இருந்தால் ஸ்டாண்டு முன்னால் கவிழும். அந்த இன்ஜினுக்கு அது பொருந்தாத ஸ்டாண்டு.

எல்லாம் சரி என்றால் சங்கிலியைத் தளர்த்துங்கள். கொஞ்சம்தான். நிறுத்துங்கள். போல்ட்டுகளைப் பாருங்கள். கைகள் வளைகிறதா, வாஷர் அசைகிறதா, சக்கரம் நகர்கிறதா? காது கொடுத்துக் கேளுங்கள். கிறீச் என்று சத்தம் வந்தால் உடனே திரும்ப ஏற்றுங்கள். ஒன்றும் இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கள். முழு எடையும் ஸ்டாண்டுக்கு வந்த பிறகும் கொக்கியைக் கழற்றாதீர்கள். சங்கிலி நான்கு விரல் அளவு தொய்வாக மாட்டியபடியே இருக்கட்டும். ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, பின்னை உருவி, இன்ஜினைச் சற்றே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துப் பாருங்கள். படக்கென்று இழுத்தால் தகட்டின் உயரத்தை மாற்றுங்கள். அசைத்துப் பார்த்த பிறகு போல்ட்டுகளை இன்னொரு முறை இறுக்குங்கள். கொக்கியைக் கழற்றுவது கடைசி வேலை.

நாங்கள் கொக்கியை முதலிலேயே கழற்றிவிட்டோம். தொய்வாகச் சங்கிலி இருந்திருந்தால் குட்டை போல்ட் பிடுங்கியபோது இன்ஜின் நான்கு விரல் சாய்ந்து சங்கிலியில் நின்றிருக்கும்.

ஸ்டாண்டில் இருக்கும்போது

இன்ஜின் மாட்டிய ஸ்டாண்டை முடிந்தவரை நகர்த்தாதீர்கள். நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் தரையைப் பெருக்குங்கள். தரையில் கிடக்கும் ஒரு சின்ன நட்டு போதும், சக்கரம் தடைபட்டு ஸ்டாண்டு குப்புற விழும். தாழ்வாகப் பிடித்து, நீளவாக்கில் மெதுவாகத் தள்ளுங்கள். குறுக்கே தள்ள வேண்டாம். மண் தரையில் சக்கரம் புதையும். கனமான இரும்புத் தகடு போட்டு அதன் மேல் நிறுத்துங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் நான்கு போல்ட்டையும் ஸ்பானர் வைத்துப் பாருங்கள்.

ஹெட்டைக் கழற்றினால் மேல் கனம் குறையும். எடையின் நடு இடம் மாறும். நேற்று லேசாகத் திரும்பிய இன்ஜின் இன்று திமிறும். ஒவ்வொரு முறை பின்னை உருவும்போதும் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டே உருவுங்கள்.

பட்டறைக்கு வரும் குழந்தைகளை ஸ்டாண்டின் பக்கம் விடாதீர்கள். கைப்பிடியைப் பார்த்தால் அவர்களுக்குச் சுற்றத் தோன்றும்.

அப்படியும் அடிபட்டுவிட்டால்

இன்ஜினுக்கு அடியில் கை சிக்கினால் கையை இழுக்காதீர்கள். செயின் பிளாக்கால் இன்ஜினைத் தூக்குங்கள். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஆயில் துடைத்த துணி வேண்டாம். 108க்குப் போன் செய்யுங்கள். விரல் துண்டாகிவிட்டால் அதை எடுத்துச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டுக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரல் மேல் ஐஸ் நேராகப் படக் கூடாது. நாங்கள் ஐஸ் கட்டிக்குள்ளேயே போட்டுக் கொண்டுபோனோம். யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை.

இறக்கும்போது

மாட்டிய வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் செயின் பிளாக்கின் கொக்கி, பிறகுதான் மற்றது. சங்கிலி விறைத்து எடை அதற்குப் போன பிறகு பின்னை உருவுங்கள். ஸ்டாண்டைப் பின்னால் இழுங்கள். குழாய் கழுத்திலிருந்து வெளியே வரும். இன்ஜினைக் கட்டை மேல் உட்கார வைத்த பிறகு தகட்டைக் கழற்றுங்கள். பிளைவீலையும் கிளட்ச்சையும் அப்போதுதான் திரும்ப மாட்ட முடியும்.

கழற்றிய நான்கு போல்ட்டுகளையும் எண்ணெய் டப்பாவில் போடாதீர்கள். ஒரு கம்பியில் கோத்து ஸ்டாண்டிலேயே தொங்கவிடுங்கள். அண்ணன் இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய ஸ்டாண்டில் அப்படித்தான் தொங்குகிறது.